மெய்க்கீர்த்தியும் வெற்றிப் பட்டியலும்: 1948ஆம் ஆண்டின் விளையாட்டு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

சோழர் காலக் கல்வெட்டுக்கள் பலவற்றில் இரண்டு பகுதிகள் உண்டு. மேற்பகுதி மெய்க்கீர்த்தி. அரசன் எந்தெந்த நாடுகளை வென்றான், எந்தெந்த மன்னரின் முடியைக் கவர்ந்தான் என்பதை அது ஓசைநயம்பட அடுக்கிச் சொல்லும். முதலாம் இராசராசன் காலந்தொட்டு இம்மரபு நிலைபெற்றது. அவன் வென்ற நாடுகளின் வரிசையில் ஈழமும் இடம்பெறுகிறது. கீழ்ப்பகுதியில் ஓசைநயம் இல்லை. எந்த ஊரின் எந்த நிலம் எவருக்கு விடப்பட்டது, அதன் வரியை யார் இறுக்கவேண்டும், விளக்கெரிப்பதற்கு எத்தனை ஆடுகள் அளிக்கப்பட்டன என்பன போன்ற செய்திகளே அங்குள்ளன. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்று நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை அவர்கள் குடியிருந்த மனைகளின் வரிசையோடு குறித்து வைத்திருக்கிறது. நெடுங்காலம் நம்மவர் மேற்பகுதியை வாசித்துப் பெருமிதமுற்றனர். கீழ்ப்பகுதியையும் நிதானமாக வாசிக்கத் தொடங்கிய பின்னரே சோழர் காலச் சமுதாயம் எவ்வாறு இயங்கிற்று என்பது புலனாகலாயிற்று.

இன்று நம் மாணவர் கைகளிற் புழங்கும் பொது அறிவு நூல்களையும், ஆண்டிறுதியில் நாளிதழ்கள் வெளியிடும் விளையாட்டுத் தொகுப்புக் கட்டுரைகளையும் படிக்கும்போது மெய்க்கீர்த்தியே நினைவுக்கு வருகிறது. வென்றவர் பெயர், நாடு, போட்டி, நேரம் அல்லது தூரம் என்ற நான்கு செய்திகளால் ஆனது இவ்வடிவம். இதன் வினைச்சொற்களும் போர்க்களத்திலிருந்து வந்தவையே: வென்றார், வீழ்த்தினார், முறியடித்தார், கைப்பற்றினார். போட்டி நடந்த நகரத்தின் பெயர் இருக்கும். அந்நகரத்து மக்கள் அவ்வாண்டில் எதை உண்டனர் என்பது இராது. தோற்றவர்களில் இரண்டாமவர் பெயர் சிலவேளை இடம்பெறும். ஓடுபாதைக்கே வரவிடாமல் தடுக்கப்பட்டவர் பெயர் ஒருபோதும் இடம்பெறாது.

இத்தகைய எழுத்தை இலக்கிய விமர்சகன் பொருட்படுத்த வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு பாடசாலையில் நூறு மாணவர் இருப்பின், அவர்களிற் பத்துப்பேர் சிறுகதை படிப்பர். தொண்ணூறு பேர் விளையாட்டுப் பக்கத்தைப் படிப்பர். இளைஞரின் உலக நோக்கை இத்துணை ஆழமாக உருவாக்கும் எழுத்து வேறு எதுவும் இல்லை எனலாம். ஆகவே அதன் உருவத்தையும் உள்ளடக்கத்தையும் ஆராய்வது விமர்சனத்தின் கடமைகளுள் ஒன்றாகும். இக்கட்டுரையில் உதாரணமாக ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது 1948.

அவ்வாண்டுக்குரிய மெய்க்கீர்த்தி பின்வருமாறு அமையும். பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் ஒலிம்பிக் விழா இலண்டனில் ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 14 வரை நடைபெற்றது. 59 நாடுகள் பங்குபற்றின. ஒல்லாந்தைச் சேர்ந்த ஃபனி பிளாங்கர்ஸ்-கூன் 100 மீற்றர், 200 மீற்றர், 80 மீற்றர் தடைதாண்டி ஓட்டம், அஞ்சலோட்டம் ஆகிய நான்கிலும் தங்கம் வென்றார். செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சடோபெக் 10,000 மீற்றரில் தங்கமும் 5,000 மீற்றரில் வெள்ளியும் பெற்றார். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹொக்கி இறுதியாட்டத்தில் இந்தியா பிரித்தானியாவை 4–0 என வென்றது. டொன் பிரட்மனின் அவுஸ்திரேலிய கிரிக்கெட் அணி இங்கிலாந்திற் சுற்றுப்பயணம் செய்து 34 ஆட்டங்களில் ஒன்றிலேனும் தோல்வியுறாது திரும்பிற்று. ஆகஸ்ட் 14ஆம் திகதி ஓவல் மைதானத்தில் தமது இறுதி டெஸ்ட் இன்னிங்ஸில் பிரட்மன் ஓட்டமெதுவும் பெறாது ஆட்டமிழந்தார். நான்கு ஓட்டங்கள் பெற்றிருப்பின் அவரது சராசரி நூறாகியிருக்கும், 99.94 உடன் நின்றது. இலங்கையின் டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்.

இச்செய்திகளில் ஒன்றேனும் பொய்யன்று. இவற்றைப் படிக்கையில் எழும் கிளர்ச்சியும் போலியானதன்று. ஆயினும் இவற்றின் கீழே என்ன எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நமது வினா.

முதலில் இலண்டனை எடுத்துக்கொள்வோம். போரினாற் சிதைந்த நகரம் அது. புதிய அரங்கு எதுவும் கட்டப்படவில்லை. பழைய வெம்பிளி மைதானமே பயன்பட்டது. வீரர்கள் விமானப்படை முகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் தங்கினர். உணவுப் பங்கீடு நடைமுறையிலிருந்தது. சாதாரணப் பிரசையின் பங்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,600 கலோரி. போட்டியாளருக்கோ துறைமுகத் தொழிலாளருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் உரிய மேலதிகப் பங்கு, 5,467 கலோரி, அளிக்கப்பட்டது. இந்த ஒரு செய்தி எத்தனையோ அரசியற் பொருளாதாரப் பாடங்களுக்கு ஈடாகும். ஓட்டவீரனின் உடலும் நிலக்கரி வெட்டுபவனின் உடலும் ஒரே அளவு உணவை எரிக்கின்றன என்பதைப் பிரித்தானிய அரசாங்கமே கணக்கிட்டு ஒப்புக்கொண்டது. ஒருவன் எரித்த உணவு பதக்கமாகிப் பட்டியலில் ஏறிற்று. மற்றவன் எரித்த உணவு கரியாகி அப்பட்டியல் அச்சான இயந்திரத்தை ஓட்டிற்று.

அடுத்து, ஃபனி பிளாங்கர்ஸ்-கூன். 1918இற் பிறந்தவர், 1936இல் பேர்லினில் ஓடியவர். 1940, 1944 ஆகிய ஆண்டுகளுக்குரிய இரு விழாக்களைப் போர் விழுங்கியதால் தமது இளமையின் உச்சத்தைப் போட்டியின்றிக் கழித்தவர். இலண்டனுக்கு வந்தபோது முப்பது வயது. இரு குழந்தைகளின் தாய். உயரம் பாய்தல், நீளம் பாய்தல் இரண்டிலும் உலக சாதனை அவர் வசமே இருந்தும் அவற்றில் அவர் போட்டியிடவில்லை. இத்தகைய ஒருவருக்குப் பத்திரிகைகள் சூட்டிய பட்டம் ‘பறக்கும் இல்லத்தரசி’ என்பதாகும். புகழ்ச்சிபோலத் தோன்றும் இத்தொடர் செய்யும் வேலையை நோக்குக. நான்கு தங்கம் வென்றவளை அது உடனடியாக அடுக்களைக்குத் திருப்பி அனுப்புகிறது. அவ்வாண்டு வென்ற ஆடவருள்ளும் குழந்தைகளின் தந்தையர் இருந்திருப்பர். அவர்களுள் எவரையும் ‘பறக்கும் குடும்பத் தலைவர்’ என யாரும் அழைத்ததில்லை. அடைமொழி ஒன்றின் வர்க்க, பால் உள்ளடக்கத்தை எவ்வாறு ஆராய்வது என மாணவருக்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர் இதனைவிடச் சிறந்த உதாரணத்தைத் தேட வேண்டியதில்லை.

அதே விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்றவர் அமெரிக்காவின் அலிஸ் கோச்மன். ஒலிம்பிக்கில் தங்கம் பெற்ற முதலாவது கறுப்பினப் பெண் அவரே. ஜோர்ஜியா மாநிலத்தின் ஒல்பனி நகரிற் பிறந்த அவருக்கு வெள்ளையருக்குரிய பயிற்சிக் களங்கள் மறுக்கப்பட்டிருந்தன. மண் வீதிகளில் ஓடிப் பயின்றார். இலண்டனில் மன்னர் கையாற் பதக்கம் பெற்ற அவர் ஊர் திரும்பியபோது, அவரை வரவேற்ற மண்டபத்திலேயே வெள்ளையரும் கறுப்பரும் பிரிந்து அமர்ந்திருந்தனர். நகரபிதா அவருடைய கையைக் குலுக்கவில்லை. பட்டியல் சொல்வது இவ்வளவே: ‘அ. கோச்மன், அமெரிக்கா, 1.68 மீற்றர்.’ அமெரிக்கா என்ற அச்சொல் எதனை மறைக்கிறது என்பதை இனிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாடு ஒருவரைப் பதக்க மேடையில் தனதென்று ஏற்றுக்கொண்டு, தெருவில் தனதல்லவென்று ஒதுக்குதல் கூடும்.

சடோபெக் ஸ்லின் நகரத்துப் பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலையில் இளமையில் வேலை செய்தவர். தொழிற்சாலை ஒழுங்குசெய்த ஓட்டமொன்றிற் கட்டாயத்தின் பேரிற் பங்குபற்றியதே அவரது ஆரம்பம். இந்திய ஹொக்கி அணி சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவுக்கு மூன்று நாட்கள் முன்னதாக, முன்னாள் எசமானரை அவரது தலைநகரிலேயே வென்றது. அவ்வெற்றியில் மக்கள் பூரித்தது நியாயமே. ஆனால் அதே போட்டியிற் பாகிஸ்தான் என்ற தனி அணியும் விளையாடிற்று. பிரிவினைக்கு முன் ஒரே அணிக்குரியவராயிருந்த ஆட்டக்காரர் இரு கொடிகளின் கீழ் நின்றனர். வெற்றியையும் அதன் விலையையும் ஒருசேரச் சொல்வதற்குப் பட்டியல் என்ற உருவத்திற்கு வலு இல்லை.

‘விளையாட்டு முடிவைச் சொல்ல வேறு எப்படித்தான் எழுதுவது?’ என்போர் உளர். அவர்கள் நமது பழைய இலக்கியத்தையே நோக்கலாம். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு செய்த மற்போரைப் பாடும் புறநானூற்றுப் பாடல்கள், தமிழில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய விளையாட்டுச் செய்திகளுள் அடங்குவன. சாத்தந்தையார் பிடியையும் உதையையும் நேரிற் கண்டவர்போல விவரிக்கிறார். ஆயின் அவரது நெஞ்சில் நிற்பது வேறொன்று. மகனோடு பகைகொண்டிருந்த தந்தை தித்தன், விரும்பினும் விரும்பாவிடினும், இதனைக் காணவேண்டும் என்கிறார். நக்கண்ணையார் பாடலில் ஊர் இரு கூறாக நின்று வெற்றி தோல்வி பற்றி வாதிடுகிறது. பெண்ணொருத்தி தன் வீட்டருகே பனைமரத்தைச் சார்ந்து நின்று அவனது வெற்றியைக் காண்கிறாள். அதாவது, வென்றவன் யார் என்பதோடு அவ்வெற்றி யாருக்கிடையிலான எந்த உறவைத் தொட்டது என்பதும், பார்த்தவர்கள் எவ்வாறு பிரிந்து நின்றனர் என்பதும் அங்கே செய்தியாகின்றன. வீரயுகப் புலவர் அறிந்திருந்த இவ்வுண்மையை நாளிதழ் யுகத்தின் நாம் மறந்துவிட்டோம்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1948 பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. அடுத்த மாத இறுதியில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் சென்றுகொண்டிருந்த பிரட்மனின் அணி கொழும்பில் இறங்கி ஓவல் மைதானத்தில் ஓராட்டம் ஆடிற்று. அம்மைதானம் தமிழ் யூனியன் கழகத்துக்குரியது. இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் தமிழரான மகாதேவன் சதாசிவம். அவரது ஆட்டத்தின் எழிலைக் கண்டோர் வியந்து போற்றினர். ஒரு சிறு சம்பவமும் அன்று நிகழ்ந்தது. இருபத்திரண்டு யார் நீளம் இருக்கவேண்டிய ஆடுகளம் ஏறக்குறைய இரண்டு யார் குறைவாக அளக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. மைதானத்தின் அளவுப் பிழையை ஒரு நாளிற் கண்டுகொண்டனர். புதிய தேசத்தின் அளவிலும் பிழை இருந்தது; அதனைக் காண்பதற்கு அக்கழகங்களின் மேன்மாடங்கள் ஏற்ற இடமாயிருக்கவில்லை. சிங்களவர், தமிழர், சோனகர், மலாயர், பறங்கியர் என இனவாரியாகக் கழகங்கள் அமைந்திருந்த கொழும்பில், அவ்வவ்வினத்தின் மேற்றட்டினரே பெரும்பாலும் அவற்றை நிரப்பினர். ஓர் இனத்தின் கனவான் அணித்தலைவராவதால் அவ்வினத்தின் உழைப்பாளர் தேசத்தினுள் இடம்பெற்றுவிடுவதில்லை என்பதற்கு அவ்வாண்டே சாட்சியாயிற்று.

ஜூலை 31ஆம் திகதி டங்கன் வைட் ஓடினார். அவரும் ஃபனியைப் போலவே 1918இற் பிறந்தவர். களுத்துறைப் பகுதியைச் சேர்ந்தவர். எமது மத்திய மலைநாட்டின் கண்டி திரித்துவக் கல்லூரியிற் கற்றவர். அமெரிக்கரான றோய் கொக்ரன் 51.1 செக்கனில் முதலாவதாக வந்தார், வைட் 51.8 செக்கனில் இரண்டாவதாக வந்தார். விடுதலை பெற்று ஆறு மாதமேனும் நிறைவுறாத ஒரு சிறு நாட்டுக்கு அது முதலாவது ஒலிம்பிக் பதக்கம். அடுத்த பதக்கத்துக்கு நாடு 52 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. வறிய கிராமக் குடும்பமொன்றிலிருந்து வந்த சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரிற் பெற்றது வெண்கலம். மரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்டபின் அது வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

வைட் ஓடி நான்கு நாட்களின் பின், ஆகஸ்ட் 4ஆம் திகதி, இலங்கைப் பிரசாவுரிமை மசோதா பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கப்பட்டது. இலண்டனில் விழா முடிவதற்குமுன் கொழும்பில் விவாதம் எழுந்தது. இந்தியக் காங்கிரசாரும் இடதுசாரிகளும் எதிர்த்தனர். ஆகஸ்ட் 20ஆம் திகதி அது நிறைவேறிற்று; நவம்பர் 15ஆம் திகதி 1948இன் 18ஆம் இலக்கச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது. மலையகத் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினருமாக ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடற்றவராயினர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்து இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஏழு ஆசனங்களைப் பெற்றுக்கொடுத்த மக்கள், 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தத்துடன் வாக்குரிமையையும் இழந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைப்பது வெறும் நாள்காட்டிப் பொருத்தத்திற்காகவன்று. இரண்டுக்கும் பொதுவான சொல் ஒன்றுண்டு, அது ‘பதிவு’. வைட்டின் ஓட்டம் செக்கனின் பத்திலொரு பங்குவரை பதிவாயிற்று. ஏனெனில் அங்கே மணிக்கூடு பிடித்தவர், கோட்டருகே நின்றவர், எழுதியவர் எனப் பலர் இருந்தனர். பிரசாவுரிமைச் சட்டமும் பதிவையே கேட்டது. தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அதற்குச் சான்று வேண்டும். லயத்து அறையிற் பிறந்த குழந்தையின் பிறப்பை எழுதிவைக்க அக்காலத்தில் யார் இருந்தனர்? தேயிலைக் கொழுந்தின் நிறை நாள்தோறும் இறாத்தல் தவறாமற் பதிவாயிற்று. கொய்தவளின் பிள்ளை பிறந்த நாள் பதிவாகவில்லை. பதிவில்லாத காரணத்தினாலேயே ஒரு சமுதாயம் தேசத்திலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே, யாருடைய செயல் பதியப்படுகிறது, யாருடைய இருப்பு பதியப்படாமற் போகிறது என்ற வினா விளையாட்டுப் பக்கத்துக்கு அந்நியமான வினாவன்று.

இதன் விளைவுகளை விளையாட்டுத் துறையிலேயே காணலாம். ஒலிம்பிக் விதியின்படி ஒரு நாட்டின் சார்பிற் போட்டியிடுவோர் அந்நாட்டின் பிரசையாயிருத்தல் வேண்டும். நாடற்றவனுக்குக் கொடியில்லை, கொடியில்லாதவனுக்கு ஓடுபாதையில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனக் கூறுபோட்டது. ஒன்றரை இலட்சம் பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. அகதிகளுக்கென ஓர் அணி ஒலிம்பிக்கில் முதன்முதல் அணிவகுத்தது 2016இல். 1948க்கும் 2003க்கும் இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் எத்தனை வேகமான கால்கள் எங்கள் மலைகளிற் பிறந்து கொழுந்துக் கூடையின் கீழ்த் தேய்ந்தன என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

சட்டம் திருத்தப்பட்டபின்னும் தரை சமமாகிவிடவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். எங்கள் மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், தம்புள்ளையில், சர்வதேசக் கிரிக்கெட் அரங்கொன்று திறக்கப்பட்டது. உலகின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பலர் அங்கு ஆடியுள்ளனர். அதே மாவட்டத்தில், றத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து மலைச்சரிவுகளில் அமைந்த பாடசாலைகள் பலவற்றில் இருநூறு மீற்றர்த் தடம் கீறுவதற்குச் சமதரை இல்லை. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வீதியைப் பயன்படுத்துகிறோம். அல்லது தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தைக் கேட்டு வாங்குகிறோம். வெறுங்காலுடன் ஓடும் மாணவியைக் கோட்ட மட்டப் போட்டிக்கு அழைத்துச் செல்ல வேண்டுமாயின், அன்றைய நாட்கூலியை இழந்து தாயும் உடன்வர வேண்டியிருக்கிறது. ஒரு மீற்றர் ஓட்டத்தின் பின்னால் எத்தனை இறாத்தல் கொழுந்து இருக்கிறது என்பதை எங்கள் ஆசிரியர்கள் நன்கறிவர்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘முத்தையா முரளிதரன் இல்லையா?’ என்பர். தென்னிந்தியாவிலிருந்து தோட்டத்தில் வேலைசெய்ய வந்த ஒருவரின் பேரன், டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை 2010இல் நிறைவுசெய்த பந்துவீச்சாளன், மலையகத் தமிழனுக்கு வழி திறந்தேயிருக்கிறது என்பதற்குச் சான்றல்லனா? முரளிதரனின் சாதனை மகத்தானது. 1995ஆம் ஆண்டு மெல்பேணில் ஏழு தடவை அவரது பந்தைச் செல்லாதென நடுவர் அறிவித்தபின்னரும் தளராது நின்ற உறுதி போற்றத்தக்கது. ஆனால் அவரது தந்தையார் கண்டியருகே பிஸ்கற் தொழிற்சாலை நடத்தியவர். அவர் கற்றது கண்டி புனித அந்தோனியார் கல்லூரி. லயத்திலிருந்து வெளியேறி வணிகராக உயர்ந்த ஒரு குடும்பத்தின் பிள்ளைக்குத் திறந்த கதவு, லயத்திலேயே எஞ்சியவர்க்கும் திறந்துவிட்டது என்று வாதிப்பது தர்க்கப் பிழையாகும். விதிவிலக்கைக் காட்டி விதியை மறைப்பது பட்டியல் எழுத்தின் பழைய தந்திரம்.

இன்னொரு புறத்திலிருந்தும் ஒரு மறுப்பு வருவதுண்டு. அது நம் நண்பர்களிடமிருந்தே வருவது. ‘விளையாட்டு என்பது முதலாளித்துவம் மக்களுக்கு ஊட்டும் மயக்கமருந்து, முற்போக்காளர் அதுபற்றி எழுதுவது வீண்’ என்பது அவர்களின் கட்சி. இதனையும் ஏற்க இயலாது. வியன்னாவில் 1931இலும் அன்ட்வேர்ப்பில் 1937இலும் தொழிலாளர் ஒலிம்பிக் விழாக்களை நடத்தியது தொழிலாளர் இயக்கமே. ஹிட்லரின் பேர்லின் விழாவுக்கு எதிராக 1936இல் பார்சிலோனாவில் மக்கள் ஒலிம்பிக் ஒழுங்குசெய்யப்பட்டது. உள்நாட்டுப் போர் மூண்டதால் அது நடைபெறாது போயிற்று. திரினிடாட் நாட்டு மார்க்சியவாதியான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட ‘எல்லைக்கோட்டுக்கு அப்பால்’ எனப் பொருள்படும் நூலில், கிரிக்கெட் மைதானத்தினுள்ளேயே நிறமும் வர்க்கமும் காலனித்துவமும் எவ்வாறு மோதின என்பதை ஆட்டத்தின் அழகு குன்றாமல் விளக்கிக் காட்டினார். ஆட்டத்தை நேசித்ததனாலேயே அவரால் அதனை விமர்சிக்க முடிந்தது. உழைத்து ஓய்ந்த மனிதன் மாலையிற் பந்தைத் தொடும்போது அடையும் மகிழ்ச்சி அவனுக்குரியது. அதனை எவரும் அவனுக்கு ஊட்டவில்லை. அம்மகிழ்ச்சியை ஏளனம் செய்வோர் மக்களிடம் பேசும் தகுதியை இழப்பர்.

நமது மலையக இலக்கியமும் இவ்விடத்திற் சிந்தனைக்குரியது. 1948 இலண்டன் விழாவில் ஓட்டத்துக்கும் பாய்ச்சலுக்கும் மட்டுமன்றிக் கவிதைக்கும் பதக்கம் இருந்தது என்பதைப் பலர் அறியார். கலைப் போட்டிகள் நடந்த இறுதி ஒலிம்பிக் அதுவே. தன்னுணர்ச்சிக் கவிதைக்குரிய தங்கத்தைப் பின்லாந்தின் ஆலே தூன்னி என்ற பெண்கவிஞர் பெற்றார். அவ்வேளை நமது மலைநாட்டின் தலைசிறந்த கவிஞர் எங்கிருந்தார்? 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவான ஸி. வி. வேலுப்பிள்ளை, தம்மைத் தெரிவுசெய்த மக்களைப் பிரசையல்லாதோர் ஆக்கும் மசோதாவை எதிர்நோக்கியிருந்தார். அவரும் அவர்பின் வந்தோரும் தோட்ட மக்களின் உழைப்பையும் துயரையும் சிறப்புற எழுதினர். எனினும் அம்மக்களின் விளையாட்டு நம் இலக்கியத்தில் அரிதாகவே இடம்பெற்றுள்ளது. விடியவிடிய ஆடும் காமன் கூத்திலும் பொன்னர் சங்கரிலும் வெளிப்படும் உடலாற்றல், பெரட்டுக்களத்தருகே சடுகுடு ஆடும் இளைஞரின் வேகம், இவையும் அவ்வாழ்வின் பகுதிகளே. உழைக்கும் உடலைத் துன்புறும் உடலாக மட்டும் காட்டுவது அரைகுறை யதார்த்தம். அவ்வுடல் ஆடவும் வல்லது என்பதை எழுதும்போதே, அது எதை இழந்தது என்பதன் முழு அளவும் வாசகனுக்கு விளங்கும்.

எனின் செய்யவேண்டியது யாது? பட்டியலைக் கிழித்தெறிய வேண்டியதில்லை; அதன் கீழ்ப்பகுதியை எழுதிச் சேர்க்க வேண்டும். ‘இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தவர் யார்?’ என்ற பொது அறிவு வினாவுக்கு ‘டங்கன் வைட், 1948’ என்று மாணவன் விடையளிக்கட்டும். ‘அவ்வாண்டில் இலங்கையர் என்போர் யார், யார்?’ என்ற அடுத்த வினாவை ஆசிரியர் கேட்கட்டும். பாடசாலைச் சஞ்சிகையில் இல்ல விளையாட்டுப் போட்டியின் அறிக்கையை எழுதும் மாணவன், முதலாமிடம் பெற்றவளின் பெயரோடு அவள் எத்தனை மைல் நடந்து பாடசாலைக்கு வருகிறாள் என்பதையும், பயிற்சிக்கு எந்த இடம் கிடைத்தது என்பதையும், ஓடாமல் நின்றவர் ஏன் நின்றனர் என்பதையும் எழுதப் பழகட்டும். இவ்வாறு எழுதப் பழகியவன் நாளை நாளிதழின் ஆண்டுத் தொகுப்பைப் படிக்கையில் அதில் விடுபட்டதைத் தானே கண்டுகொள்வான்.

மக்களே தமது கீழ்ப்பகுதியை எழுதத் தொடங்கிவிட்டனர் என்பதற்கும் அண்மைய வரலாற்றில் உதாரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு, மலையகத் தமிழரின் இருநூறாண்டு நிறைவை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரத்தைப் பலர் நடந்து கடந்தனர். கோப்பிக் காலத்திற் கடல் கடந்து வந்தோர் காட்டுவழியே நடந்த பாதை அது. கொள்ளைநோயாலும் பசியாலும் வழியிலேயே வீழ்ந்தோர் பலர். அந்த முதல் நடைக்கு மணிக்கூடு பிடித்தவர் இலர். இறந்தோரின் பெயர்களும் எஞ்சவில்லை. பின்வந்த நடையில் முதலிடம் என்றோ இரண்டாமிடம் என்றோ எதுவும் இருக்கவில்லை. நடந்தவர்கள் கேட்டவை காணி, வீடு, நியாயமான கூலி, சமமான பிரசைகளாக வாழும் உரிமை ஆகியவை. அவ்வாண்டின் விளையாட்டுத் தொகுப்புக்களில் இந்த நடைக்கு இடமிருக்கவில்லை. அது விளையாட்டன்று என்பர். உண்மைதான். ஆனால் அதில் நடந்தவர்களின் பிள்ளைகள் ஓடுவதற்குச் சமதரை கிடைக்குமா என்பது அக்கோரிக்கைகளின் வெற்றியையே பொறுத்திருக்கிறது.